கழுகா, ஆந்தையா

நெருப்பைக் கண்டுபிடித்தது மனிதனின் முதல் சாதனை. ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்தியது அவனுடைய கடைசிச் சாதனை. இடையில் நடந்ததெல்லாம் வெறும் பொழுதுபோக்கு.

இதைச் சொன்னவன் சேந்தன். சொல்லும்போது பிடரியிலிருந்து காட்சியட்டையை உருவி, பழைய பல்துலக்கியால் அதன் ஊசிக்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். செவ்வாயின் செந்தரைக் குடியிருப்பில் காலையில் எல்லோரும் முதலில் செய்யும் வேலை அதுதான். பல் அப்புறம். அட்டை வெளியே இருக்கும் சில நிமிடங்களுக்கு விடுதி அறை உள்ளபடி தெரியும்: சாம்பல் சுவர், சாம்பல் கூரை, சாம்பல் கட்டில். திரும்பச் செருகினால் ஜன்னல் வரும். ஜன்னலுக்கு வெளியே மழை வரும். தரைக்கடியில் வாழும் இரண்டு லட்சம் பேருக்கு ஜன்னல், மழை, விளையாட்டு மைதானம் மூன்றையும் வரைந்து கொடுத்தது விரல் நீளமுள்ள அந்த அட்டைதான்.

சேந்தனின் பெருமையில் நியாயம் இருந்தது. செந்தரையில் பிறக்கும் குழந்தைக்கு முதல் தடுப்பூசியோடு காதுக்குப் பின்னால் ஒரு நிறைவியும் பொருத்திவிடுவார்கள். கடுகளவு சாதனம். எதையாவது தேர்ந்தெடுத்து முடித்ததும் மூளைக்குள் இளஞ்சூடாக ஒரு ‘போதும்’ சுரக்கும். அதன்பின் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று மனம் அலையாது. அங்கே கல்யாணத்துக்கு ஒரே ஒரு வரன்தான் பார்ப்பார்கள். ஜாதகக்காரர்கள் எல்லோரும் தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அறைத்தோழன் நிஜாமுக்கு நிறைவி கிடையாது. அவன் நாகப்பட்டினத்திலிருந்து, அதாவது பூமியிலிருந்து, படிக்க வந்தவன். அன்று காலை அவன் ஜன்னலில் மழை திக்கித் திக்கிப் பெய்தது. ஒரு துளி பாதி வழியில் நின்று, யோசித்து, பிறகு இறங்கியது.

“அட்டை சாகப் போகுதுடா,” என்றான் நிஜாம்.

“மாத்திடு.”

“புதுசு வாங்க வக்கில்ல. பழசுல ரெண்டு பாத்து வச்சிருக்கேன். கழுகு நாப்பது, ஆந்தை முப்பத்தஞ்சு. கழுகு வேகமா வரையும், ஆனா நினைவகம் கம்மி, தூரத்துல இருக்கறதெல்லாம் மொழுக்குனு தெரியும். ஆந்தைக்கு நினைவகம் ஜாஸ்தி, தூரம் துல்லியமா இருக்கும், ஆனா கை வீசினா கையே லேட்டா வரும். விலையப் பாத்தா ஆந்தை. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு யோசிச்சா...”

“ஆரம்பிச்சிட்டான்யா பூமிக்காரன். உங்க ஊர்ல ஒரு சட்டை எடுக்க நாலு கடை ஏறுவீங்களாமே? கடைசியில முதல் கடையிலயே எடுப்பீங்களாமே? நெஜமாவாடா?”

“எட்டு கடை,” என்றான் நிஜாம்.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவனுடைய அக்கா ஷம்சாத், அவன் வாயில் லாத்தா, சனிக்கோளுக்குப் போகும் சரக்குக் கப்பலில் பொறியாளர். கப்பல் ஒரு வாரமாகச் செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க அக்காவும் தம்பியும் காட்சியட்டை வழியே படகுப் போட்டி ஆடினார்கள். தினமும் லாத்தா ஜெயித்தாள். தினமும் நிஜாம் அட்டையைக் குறை சொன்னான். இன்று மாலை கூரை விளக்குகள் மஞ்சளாகும் நேரத்தில் கப்பல் கிளம்புகிறது. அதன் வேகத்துக்குச் சமிக்ஞை சீக்கிரமே பின்தங்கிவிடும்; ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால், வந்து தலை துவட்டும்போதுதான் பதில் கிடைக்கும். அப்புறம் ஆட்டம் ஏது? கப்பல் திரும்ப ஒன்பது ஆண்டுகள் ஆகும். கடைசி ஆட்டத்திலாவது லாத்தாவைப் பளிச்சென்று பார்க்க வேண்டும் என்பது நிஜாமின் ஆசை.

பிற்பகலில், கழற்றிய உதிரிபாகங்கள் விற்கும் சந்துக்கு இருவரும் போனார்கள். வழியில் சேந்தன் ஒரு சீப்பு வாங்கினான்.

“பாத்துக்கோ. ஒரு சீப்பு. ஒரு முடிவு. முடிஞ்சுது கதை.” அவன் கண்கள் பாதி செருகின. நிறைவி வேலை செய்தது. சந்துமுனை திரும்புவதற்குள் இளஞ்சூடு ஆறிப்போனது. அதை அவன் வெளியே சொல்லவில்லை.

கடைக்காரி தேவகிருபை, அணைந்த சால்டரிங் கம்பியால் முதுகு சொறிந்துகொண்டிருந்தாள். இரண்டு அட்டைகளையும் துணியில் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

“மாட்டிப் பாருங்க தம்பி. கழுத்தக் காட்டுங்க.”

முதலில் கழுகு. நிஜாம் முன்னால் கடல் விரிந்தது. அலை வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்வையின் ஓரத்தில், நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண் துடித்தது. நிஜாமின் கண் கடலில் இல்லை, அந்த எண்ணில் இருந்தது.

“வந்துட்டியாடா?” லாத்தாவின் குரல். “துடுப்பப் பிடி. நேரமில்ல.”

“லாத்தா, நீ எங்க இருக்கே?”

“கலங்கரை விளக்குக்குக் கீழ. தெரியலையா?”

தொலைவில் சோற்றுருண்டை மாதிரி ஏதோ ஒன்று கையாட்டியது. “ஒரு நிமிஷம் லாத்தா,” என்ற நிஜாம் கடைக்காரி பக்கம் திரும்பினான். “அக்கா, இதக் கழட்டிட்டு அத மாட்டுங்க.”

ஆந்தை. இப்போது லாத்தாவின் மூக்குத்தி வரை தெரிந்தது. அவள் தலைமுக்காட்டின் நூல் பிரிந்திருந்தது கூடத் தெரிந்தது. ஆனால் அலை மாடிப்படி இறங்குவது போல் இறங்கியது.

“இப்போ எப்படிடா இருக்கேன்?”

“நீ நல்லாத்தான் இருக்கே. தண்ணிதான் சரியில்ல.”

“தண்ணியவா பாக்க வந்தே?”

“இரு லாத்தா, இன்னொரு தடவை கழுகப் போட்டுட்டு வந்துடறேன்.”

சேந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தான். “அக்கா, இவன் கல்யாணத்தன்னிக்கும் பந்தியில எந்திரிச்சு அடுத்த மண்டபத்துச் சாம்பார எட்டிப் பாப்பான்.”

“சும்மாருடா!” நிஜாமுக்கு வியர்த்தது. கழுகு சூடேறிப் பிடரியைச் சுட்டது. அதை எடுத்து, ஆந்தையை வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நிழலை அணைத்து, ஒரே அலையை இரண்டு அட்டையிலும் பார்த்து, எண்ணை மனத்துக்குள் முணுமுணுத்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடல் மறைந்து சாம்பல் சுவர் வந்தது. பிறகு மறுபடி இணைந்தது. ஒவ்வொரு முறையும் லாத்தா கிட்டத்தில் வந்திருந்தாள். ஆறாவது ஏழாவது முறை, அவளே அவன் படகை ஒட்டி நின்றாள்.

“நிஜாமு, போட்டி வேணாம்டா. சும்மா பக்கத்துல ஓட்டு. அம்மா ஒண்ணு சொல்லச் சொல்...”

லாத்தாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. குரல் வந்தபோது உதடு மூடியிருந்தது. அவள் துடுப்பு காற்றில் நின்றது.

“பாத்தீங்களா அக்கா, திக்குது! இது அட்டைக் கோளாறு. மாத்துங்க, சீக்கிரம்!”

“தம்பி, அது அட்டை இல்ல போலிருக்கே...”

“மாத்துங்கக்கா!”

தேவகிருபை மாற்றினாள். சாம்பல் சுவர் வந்தது. சுவருக்கு மேலே, கூரை விளக்குகள் எப்போதோ மஞ்சளாகியிருந்தன. திக்கியது அட்டையல்ல, தூரம். கப்பல் கிளம்பிவிட்டிருந்தது.

கடல் மறுபடி வந்தது. வழுக்கிக்கொண்டு ஓடும் அலையா, படியிறங்கும் அலையா, நிஜாம் கவனிக்கவில்லை. லாத்தாவின் படகு இல்லை. அவன் இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்திருந்த அவள் குரல் மட்டும் தண்ணீர்மேல் ஓடியது.

“டேய், திரும்பவும் மாத்தப் போயிட்டியா? மாத்து, மாத்து. உன் படகு தானா மிதந்து போயிட்டிருந்துச்சு. நான் கரையில கட்டி வச்சிருக்கேன், முடிச்சு சரியா விழல, நீ வந்து இன்னொரு முடிச்சு போட்டுக்கோ. அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்க. நானும் அதேதான் சொல்றேன்.”

நிஜாம் கரைக்குப் போனான். உண்மையில் அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் காற்றில் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தான். முடிச்சு போடுகிறான் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, முகம் அமைதியாக இருந்தது.

“எது தம்பி குடுக்கட்டும்? கழுகா, ஆந்தையா?”

“இப்போ எது கழுத்துல இருக்கோ, அதுவே இருக்கட்டும்.”

“எதுன்னு சொல்லவா?”

“வேணாங்கக்கா. போதும்.”

சேந்தன் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. நிஜாம் சொன்ன அந்தச் சொல் அவனுக்கு மிகவும் தெரிந்த சொல்தான். ஆனால் காதுக்குப் பின்னால் எதுவும் இல்லாத ஒருவன் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் சேந்தன் நிஜாமின் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தான். சந்துமுனை வந்தது. திரும்பினார்கள். அந்த அமைதி ஆறவில்லை. படிக்கட்டு வந்தது. அப்போதும் ஆறவில்லை. சேந்தன் சட்டைப்பையில் கைவிட்டுச் சீப்பைத் தடவினான். சீப்பு சீப்பாகவே இருந்தது.

“மச்சான், நீ போ. சீப்பக் கடையிலயே மறந்துட்டேன்.”

“பையிலதானே...”

“போடா, வந்துடறேன்.”

தேவகிருபை கதவுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தாள். சேந்தன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே குனிந்தான்.

“அக்கா, எனக்கில்ல, கூடப் படிக்கிற ஒருத்தனுக்காகக் கேக்கறேன். நிறைவியில பழைய மாடல் ரெண்டு இருக்காமே, மூணுன்னும் நாலுன்னும்? ரெண்டுல எது ரொம்ப நேரம் நிக்கும்?”

தேவகிருபை மேஜைக்கடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அதில் கடுகு கடுகாய் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எல்லாம் பலபேர் மாட்டிக் கழற்றியதில் பளபளவென்று தேய்ந்திருந்தன.

“சாயங்காலம் ஆனாப் போதும், கூடப் படிக்கிறவங்களுக்காக ஊரே இங்கதான் தம்பி வருது. காதக் காட்டுங்க.”

மூன்றைப் பொருத்தினாள். போதும் என்றது. நான்கைப் பொருத்தினாள். அதுவும் போதும் என்றது. சேந்தன் கண்ணை மூடி, இரண்டு போதும்களையும் நாக்கில் வைத்துப் பார்ப்பவன் போல வெகுநேரம் யோசித்தான்.

“அந்த முதல்ல வச்சத, இன்னொரு தடவை வைங்கக்கா.”