குறுந்தகட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

நீதிபதி ஒதிலியா மாடியேறி வந்தபோது பொகோட்டா நகரமே மழையில் ஊறிக் கிடந்தது. பாதுகாவலர் இருவரையும் கீழேயே நிறுத்திவிட்டு, குடையை உதறி, இசிதோரோவின் எதிரே உட்கார்ந்தார். இசிதோரோ போலீஸில் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பெயர்தான், ஊர்வம்பு அத்தனையும் அவர் வாசலுக்கே வந்து சேரும்.

ஃபானி ஆவி பறக்கும் சாக்லேட் பானத்தை நீட்டினாள். அவள் டாக்ஸி ஓட்டுபவள். வருஷக்கணக்காக இசிதோரோவை ஏற்றி இறக்கியதில் தானும் பாதி துப்பறிவாளர் என்ற நினைப்பு வந்துவிட்டது. நீதிபதி கோப்பையைத் தொடாமல் நகர்த்தி வைத்ததும் அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "ஏம்மா, சூடு ஆறிடுச்சா?" என்று இடப்பக்கம் நின்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அப்போதுதான் நீதிபதி திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வந்து பேசும்மா. இடது காது சுத்தமா கேக்காது. வெளிய தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதனால யாருகிட்டயும் மூச்சு விடறதில்ல. சாக்லேட்டும் அப்படித்தான். குடிச்சா தலைவலி மண்டையைப் பிளக்கும். கோர்ட்ல கொடுத்தா நைசா பூந்தொட்டியில ஊத்திடுவேன். ரெண்டும் என் தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும். அவளோட ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறப்ப சொல்லிப் புலம்புறதுதான்."

"உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்றார் இசிதோரோ.

"எவேலியோ."

அந்தப் பெயரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. தொலைக்காட்சியில் பாதிப் பேர் அவனைத் துரோகி என்றார்கள், மீதிப் பேர் தியாகி என்றார்கள். உளவு அலுவலகத்தில் மெஷின் பழுது பார்ப்பவன். நீதிபதிகளின் தொலைபேசிகளை அந்த அலுவலகம் திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்டு வந்தது. அந்தப் பதிவுகளைக் குறுந்தகட்டில் ஏற்றி யாரோ ஒதிலியாவின் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒதிலியாவின் கார் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று ஓர் அதிகாரி கூலிக் கொலைகாரர்களிடம் சொல்வதும் அதில் இருந்தது. அன்றைக்கே பாதையை மாற்றியதால்தான் அவர் இன்று உயிரோடு இருக்கிறார். நாடு கொந்தளித்தது, பெரிய தலைகள் உருண்டன. எவேலியோ தானாகப் போய், 'நான்தான் எடுத்தேன்' என்று சரணடைந்தான்.

"விக்கறதுக்குத் திருடினான்னு அரசு வக்கீல் சொல்றார். பன்னிரண்டு வருஷம் கேக்கறார்," என்றார் ஒதிலியா. "மனசாட்சிக்குப் பயந்து செஞ்சான்னு வியாழக்கிழமை நான் கூண்டுல ஏறிச் சொன்னா தண்டனை பாதியாகும். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லணுமே. ஒண்ணு உறுத்துது. அந்தத் தகட்டுல எல்லாம் இருக்கு. டிரைவர், குமாஸ்தா, பல் டாக்டர்கூட இருக்கார். என் தங்கச்சியோட பேசினது மட்டும் ஒண்ணுகூட இல்ல."

"ஞாயித்துக்கிழமை ஒட்டுக்கேக்கறவனுக்கு லீவா இருக்கும்," என்றாள் ஃபானி.

"அதே ஞாயித்துக்கிழமை டிரைவரோட பேசினது இருக்கே."

இசிதோரோ மோவாயைத் தடவிக்கொண்டார். "அவன்கிட்டயே கேட்டுடலாம்."

சிறையில் எவேலியோ இளைத்துப் போயிருந்தான். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. கேள்வியை முடிக்க விடாமல், மனப்பாடம் செய்தவன் போல ஒப்பித்தான்.

"மெஷின்ல இருந்ததை மொத்தமா வாரிப் போட்டேன் ஐயா. ஒண்ணைக்கூடக் காதுல வச்சுக் கேக்கலை. எனக்கு மெஷினைத்தான் தெரியும்."

"எதையும் விடலையா?"

"எதை விடணும்னு எனக்கென்ன தெரியும்?"

இசிதோரோ மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஃபானி குதித்தாள். "பொய் சொல்றான் ஐயா! மொத்தமா வாரினா தங்கச்சி மட்டும் எப்படி நழுவினா? அவன் இல்ல. யாரோ உக்காந்து கேட்டுக் கேட்டுப் பிரிச்சிருக்காங்க!"

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார் அவர்.

மறுநாள் எவேலியோவின் மனைவியைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று நீதிபதி பிடிவாதம் பிடித்தார். பாதுகாவலர்களின் கார் பின்தொடர, ஃபானியின் டாக்ஸியிலேயே நகரின் தெற்குக் கோடிக்குப் போனார்கள். இசிதோரோவுக்கு இதில் விருப்பமே இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணமும் இல்லை.

எவேலியோவின் மனைவி நெல்சி வாசலிலேயே நின்றிருந்தாள். வீட்டில் தைத்துக் கொடுப்பவள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மேசைமேல் பள்ளிச் சீருடைகள் பாதி தைத்துக் கிடந்தன. பெண் குழந்தைகள் இருவரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். "இருங்க, இதோ வரேன்," என்று உள்ளே ஓடினாள்.

தட்டோடு திரும்பினாள். இசிதோரோவுக்கும் ஃபானிக்கும் சாக்லேட், அதில் முக்கித் தின்னப் பாலாடைக்கட்டி. நீதிபதியின் முன்னால் மட்டும் புதினா கொதிக்க வைத்த தண்ணீர். ஃபானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு தேடி வந்த பெரிய மனுஷிக்கு, வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாக்லேட்டை மறுப்பதா? கஞ்ச வீட்டில்கூட இந்த ஊரில் அப்படிச் செய்யமாட்டார்கள்.

ஒதிலியா எதையும் கவனிக்கவில்லை. நன்றியோடு அதை எடுத்து உறிஞ்சினார். நெல்சியின் முக்காலி நீதிபதிக்கு இடப்பக்கம் இருந்தது. அதை அவள் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, வலப்பக்கம் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள்.

இசிதோரோ கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "கிளம்பலாம்மா. மழை வந்துடும்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மழையாவது மண்ணாவது என்று யோசித்துக்கொண்டேதான் ஃபானி வண்டியை எடுத்தாள். ரெண்டு தெரு தாண்டுவதற்குள் அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

"ஐயா! கண்டுபிடிச்சுட்டேன்!"

"ஃபானி, ரோட்டைப் பாரு."

"அட, கேளுங்களேன்! சாக்லேட் ஆகாதுன்னு அவளுக்கு யார் சொன்னது? எந்தக் காது கேக்கும்னு யார் சொன்னது? தங்கச்சிக்கு மட்டும்தானே தெரியும்!"

"ஃபானி. போதும்."

"தங்கச்சியோட பேசினதைக் கேட்டவளுக்குத்தான் தெரியும், அதைத் தகட்டுலேருந்து நீக்கினவளும் அவதான்! தகட்டை வாசல்ல போட்டது எவேலியோ இல்ல, நெல்சி! பொண்டாட்டிக்காக அவன் உள்ள போயிருக்கான்!"

சொல்லி முடித்த பெருமையோடு கண்ணாடியில் பார்த்தாள். இசிதோரோ கண்களை மூடிக்கொண்டிருந்தார். நீதிபதியின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் ஃபானிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் ஒதிலியா.

"புதினாத் தண்ணியை வச்சப்பவே தெரிஞ்சுது," என்றார் இசிதோரோ. "ஒட்டுக்கேக்கற மாதிரி திருட்டு வேலைக்கு ஆபீஸ்ல ஆள் வைக்கறதில்லம்மா. வாடகை வீட்டுல உக்கார வச்சு, கையில காசு கொடுத்துடுவாங்க. எந்தக் கணக்குலயும் பேர் இருக்காது. நம்பிக்கையான ஆள் வேணும்னு எவேலியோகிட்ட கேட்டிருப்பாங்க. அவன் பொண்டாட்டியைச் சேத்துவிட்டிருப்பான். தகடு வெளிய வந்ததும் குழந்தைங்களுக்கு அம்மா வேணும்னு அவன் முந்திக்கிட்டான்."

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"உங்களுக்குத் தெரியாத வரைக்கும் நீங்க கூண்டுல சொல்றது பொய்யில்ல."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே," என்றார் ஒதிலியா. "முப்பது வருஷமா சத்தியம் வாங்கறவ நான். வண்டியைத் திருப்பு."

நெல்சி கதவைத் திறந்தாள். மூன்று முகங்களையும் பார்த்தாள். எதையும் மறுக்கவில்லை, அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"புதினாத் தண்ணி கொடுத்ததும் வலப்பக்கம் உக்காந்ததும் நீங்க கிளம்பினப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ரெண்டு வருஷமா உங்க குரல் என் காதுலயே இருந்துச்சு. எல்லாம் நீங்க என்கிட்ட சொன்ன மாதிரியே ஆயிடுச்சு."

"என் பையன் என்னோட பேசறதில்லன்னு தங்கச்சிகிட்ட அழுதேனே. அதையும் கேட்டியா?"

"கேட்டேன். டைப்பும் அடிச்சுக் கொடுத்தேன்." நெல்சி தலை நிமிரவில்லை. "முதல்ல ரேடியோ நாடகம் மாதிரி இருந்துச்சு. காசு வந்தா போதும்னு இருந்தேன். உங்களைக் கொல்ல வழி சொல்றதைக் கேட்டப்பதான் வெளிய போட்டே ஆகணும்னு தோணிச்சு. தங்கச்சியோட பேசினதை மட்டும் நீக்கிட்டேன். ஊர் அதைக் கேக்க வேணாமேன்னு."

ஒதிலியா அவளருகே போய் நின்றார். "உன்னை அறையறதா, கட்டிப்பிடிச்சு அழறதா? எனக்குத் தெரியல நெல்சி. என் வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா ரெண்டு வருஷம் உக்காந்திருந்தவ நீ. என் உயிரைக் காப்பாத்தினவளும் நீ. தீர்ப்பு எழுதறதே என் தொழில், இதுக்கு என்னால எழுத முடியல."

"வியாழக்கிழமை அவருக்காகப் பேசுவீங்களா?"

"அவர்தான் செஞ்சார்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லாம இருக்க ஒரே வழி, போகாம இருக்கறது. போகலைன்னா அவருக்குப் பன்னிரண்டு வருஷம்."

நெல்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பழி ஏத்துக்கறேன்னு அவர் சொன்னப்ப நானும் சரின்னு தலையாட்டிட்டேன். வெக்கக்கேடு. அன்னைலேருந்து ஒரு நாள்கூட சோறு இறங்கலை." இசிதோரோவிடம் திரும்பினாள். "நான் போய் உண்மையைச் சொன்னா அவரை விட்டுடுவாங்களா?"

"பொய்யா ஒத்துக்கிட்டதுக்கு ஏதாவது தண்டனை கொடுப்பாங்க. கொஞ்சம்தான்."

"அப்ப பொண்ணுங்களுக்கு அப்பாவாவது இருப்பார்."

"உனக்காக நான் கூண்டுல ஏறுவேன்," என்றார் ஒதிலியா. "நீ ஒட்டுக்கேட்டதையும் சொல்லுவேன், காப்பாத்தினதையும் சொல்லுவேன். ரெண்டுல எதையும் குறைக்க மாட்டேன்."

"அது போதும்மா."

பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்து, குழந்தைகளுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு நெல்சி டாக்ஸியில் ஏறினாள். நீதிபதி அவளருகே உட்கார்ந்தார். அரசு வக்கீல் அலுவலகத்துக்கு எத்தனையோ பேரை ஏற்றிப்போன பாதைதான். ஃபானியின் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கின. சிவப்பு விளக்கு ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவள் சொன்னாள்.

"என் வாய்தான் உன்னைக் கெடுத்துடுச்சு, நெல்சி. ஐயா ரெண்டு தடவை தடுத்தார். நான் கேக்கலை. என்னை மன்னிச்சுடு."

"எதுக்கு மன்னிக்கணும்? நீங்க சொன்னது உண்மைதானே?" என்றாள் நெல்சி. "நானும் அதைத்தான் செஞ்சேன், கேட்ட உண்மையை வெளிய போட்டேன்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஃபானிக்கு. விளக்கு பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இசிதோரோ மெதுவாக அவள் தோளைத் தொட்ட பிறகுதான் அவள் வண்டியை நகர்த்தினாள்.