சிவப்பு அட்டைகள் காணாமல் போன செவ்வாய்

காலை 8.05.

"என் வினைச்சொல்லையெல்லாம் யாரோ திருடிட்டாங்க!"

ஆசிரியை மிஸ் ஷாஹிராவின் கூச்சல் பயிற்சி மையத்தின் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது. நடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஷவ்கி பாஷா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். எகிப்தின் போர்ட் சயீத் காவல் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். நகை, எருமை, மோட்டார் படகு, ஒருமுறை மாப்பிள்ளையே களவு போனதாகக்கூடப் புகார் வாங்கியிருக்கிறார். வினைச்சொல் களவு போனதாகப் புகார் வந்தது இதுதான் முதல் முறை.

இப்போது அவர் போலீஸ் இல்லை, அறுபத்து நான்கு வயது மாணவர். மகள் கனடாவில் இருக்கிறாள். நான்கு வயதுப் பேரனுக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் வராது. அதற்காகத்தான் இந்த ஆங்கில வகுப்பு. பாடம் ஒன்பது மணிக்கு என்றாலும் ஏழு நாற்பதுக்கே வந்துவிடுவார். மனைவி போன பிறகு வீட்டில் அவருக்குக் காலை வணக்கம் சொல்ல ஆளில்லை. இங்கே டீ போடும் அவதல்லாவாவது சொல்வார்.

8.10. வகுப்பறை.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு துணிச் சீலை தொங்கியது. அதில் வரிசை வரிசையாகப் பைகள், பைக்கு ஓர் அட்டை. நீல மையில் எழுதிய அட்டையில் 'முடியும்', 'வேண்டும்' போன்ற ஆங்கிலத் துணைச்சொற்கள், அதை அடுத்த பையில் சிவப்பு மையில் எழுதிய வினைச்சொல். அந்த வினைச்சொற்கள் இருந்த பைகள் இப்போது வாய் பிளந்து நின்றன. மேல் மூலையில் இருந்த 'செவ்வாய்க்கிழமை' என்ற அட்டையையும் காணவில்லை. அடியில் இரண்டே வாக்கியங்கள் மட்டும் முழுசாக, பச்சை அட்டையோடு இருந்தன.

அந்த வகுப்புக்கே உரிய வியாதிக்கு ஷாஹிரா கண்ட மருந்து இந்தச் சீலை. மாணவர்கள் துணைச்சொல்லைப் போட்டுவிட்டு வினையை விழுங்கிவிடுவார்கள். 'நான் டாக்டரை வேண்டும்' என்பார் ஒருவர். 'நான் கனடா முடியும்' என்பது நமது பாஷாவின் சொந்தத் தயாரிப்பு. ஷாஹிரா நான்கு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள்: "நீலம் எல்லார்கிட்டயும் இருக்கு. உங்களுக்கு இல்லாதது சிவப்பு! சிவப்பு இல்லாம நீங்க என்ன பேசினாலும் எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரியாது!"

"ஒன்பதுக்குக் கல்வித் துறை இன்ஸ்பெக்டரம்மா வராங்க, பாஷா." அவள் கண் கலங்கியிருந்தது. "இந்தச் சீலையைப் பாக்கத்தான் வராங்க. பிடிச்சாத்தான் எனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி."

"திரும்ப எழுதிட்டா?"

"எதுல எழுதறது? சிவப்புப் பேனா நேத்தே தீந்துபோச்சு. கடை பத்து மணிக்குத்தான் திறப்பான்."

"பூட்டியிருந்ததா?"

"நேத்து சாயங்காலம் நானே பூட்டினேன். சாவி ஆபீஸ் ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம். ஆனா யார் எடுத்தான்னு எனக்குத் தெரியும்." அவள் பக்கத்து அறையைப் பார்த்தாள். அங்கே மிஸ் நிர்மீன் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த ஒரே நிரந்தர இடத்துக்கு அவளும் போட்டி.

8.20. நிர்மீன்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஏழே முக்கால். நடையில நீங்கதானே வழி விட்டீங்க? பாஷாவுக்கு அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"ஷாஹிரா அறைக்குள்ள போனீங்களா?"

"எனக்கென்ன தலையெழுத்தா? கெடுக்கணும்னு நினைச்சா அட்டையை ஒண்ணொண்ணா பொறுக்கிட்டு இருப்பேனா? சீலையையே சுருட்டி கால்வாய்ல போட்டிருப்பேன்."

நியாயமான பேச்சு. பாஷாவுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

8.27. மேலாளர் சமீஹ்.

"நான் எட்டு மணிக்குத்தான் வந்தேன். போலீசைக் கூப்பிடட்டுமா?"

"போலீஸ் உங்க முன்னாடிதான் நிக்குது. காலையில ஏதாவது நகல் எடுக்கச் சொன்னீங்களா?"

"இல்லையே. ஏன்?"

மேலாளரின் மேசைக்கு அருகே ஜெராக்ஸ் இயந்திரம் இருந்தது. அதன் மூடியில் பாஷா கை வைத்திருந்தார். இளஞ்சூடாக இருந்தது.

8.35. நடை.

தான் விட்டுப்போன டீயை பாஷா மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. நான்கு மாதமாகக் கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரை விழும் டீ அது. இன்று ஒரு கரண்டிகூட இல்லை. 'சர்க்கரை தீந்துபோச்சு பாஷா' என்று கோப்பையை நீட்டியபோது அவதல்லா சொல்லியிருந்தார். வழக்கமாக ஏழு நாற்பதுக்கு வரும் கோப்பை இன்று எட்டு மணிக்குத்தான் வந்தது. நேற்று மாலை ஒரு மூட்டைச் சர்க்கரையை அவதல்லா தோளில் சுமந்து படியேறியதை பாஷா தன் கண்ணால் பார்த்திருந்தார். போர்ட் சயீத்தில் ஒரு டீக்காரர் சர்க்கரை இல்லாத டீயைக் கொடுக்கிறார் என்றால், ஒன்று உலகம் முடியப்போகிறது, இல்லையென்றால் சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியவில்லை.

8.40. அவர் எல்லோரையும் டீ அறைக்கு அழைத்தார். அதிலிருந்து வகுப்பறைக்குள் ஒரு சின்ன சன்னல் திறக்கும். அந்த வழியாகத்தான் டீ போகும்.

"திருடினவர் எதை எடுத்தார்ங்கறதையே எல்லாரும் பாத்தீங்க," என்றார் பாஷா. "எதை விட்டார்னு யாரும் பாக்கலை. மிஸ், அந்தக் கடைசி ரெண்டு சொல்லும் ஏன் பச்சையா இருக்கு?"

"சிவப்பு தீந்துபோச்சே. அதனால..." ஷாஹிரா பாதியில் நிறுத்தினாள்.

"அதேதான். வகுப்பைக் கெடுக்க வந்தவங்க பச்சையையும் எடுத்திருப்பாங்க, அதுவும் வினைதானே. செவ்வாய்க்கிழமையை விட்டிருப்பாங்க, அது வினை இல்லையே. ஆனா அது சிவப்பு, போயிடுச்சு. ஆகமொத்தம் வந்தவர் சொல்லை எடுக்கலை, நிறத்தை எடுத்திருக்கார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இந்த மாடியில தெரியாதவர் ஒரே ஒருத்தர்தான். காலையில நகல் எடுத்துட்டு அட்டையைத் திருப்பி வெச்சிடலாம்னு பாத்தார். இன்ஸ்பெக்டர் வராங்கன்னு மிஸ் வழக்கத்தைவிட முக்கா மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க. கையில அட்டை, வாசல்ல மிஸ். வேற வழி?" அவர் திரும்பினார். "அவதல்லா, அந்தச் சர்க்கரை டப்பாவைத் திற."

அவதல்லா மேலங்கி நுனியில் கையைத் துடைத்தார். டப்பாவைத் திறந்தார். சர்க்கரைக்கு மேலே இருபத்து மூன்று சிவப்பு அட்டைகள் நூல் கட்டி இருந்தன.

"ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது நீ!" என்றார் சமீஹ்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஷாஹிரா. "இதை வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க, சாச்சா?"

கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மகன் சவுத்தாம்ப்டன்ல இருக்கான், மிஸ். பேத்திக்கு ஆறு வயசு. வெள்ளிக்கிழமை போன்ல வருவா. இந்த சன்னல் வழியா கேட்டுக் கேட்டு நானும் ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டேன். சொல்லுவேன். அவ 'என்ன தாத்தா?'ன்னு கேப்பா. மறுபடியும் சொல்லுவேன். அப்புறம் போனை அவங்கம்மா கையில குடுத்துட்டு ஓடிடுவா. நீங்கதான் சொன்னீங்க, சிவப்பு இல்லாம யாருக்கும் புரியாதுன்னு. என்கிட்ட இல்லாதது அதுதான்னு எனக்கு விளங்கிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேக்கறது, மிஸ்? அஞ்சு வருஷமா இந்த சன்னல் வழியா டீ மட்டும்தான் போகுது."

பாஷா எத்தனையோ பேரை விலங்கு மாட்டி அழைத்துப்போயிருக்கிறார், குற்றவாளிக்கு இருந்த குறையே தனக்கும் இருந்தது இதுதான் முதல் தடவை. ஷாஹிரா அட்டைகளை வாங்கிக்கொண்டு வகுப்பறைக்கு ஓடினாள். நிர்மீன் பின்னாலேயே போய்ப் பாதியை வாங்கி அடுக்கத் தொடங்கினாள்.

"எல்லாருக்கும் டீ போடு," என்று சமீஹ் எரிச்சலோடு சொன்னார். "சர்க்கரையோட."

9.00. இன்ஸ்பெக்டரம்மா வந்தார். சீலையில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் அவசரத்தில் தலைகீழாக.

10.30. போகும்போது அவர் ஷாஹிராவின் கையைப் பிடித்துக் குலுக்கியதை பாஷா பார்த்தார். குலுக்கல் நீளமாக இருந்தது. வகுப்பு கலைந்தது. டீ அறையில் அவதல்லா நகல் தாள்களை மேடையில் பரப்பியிருந்தார். அந்த இயந்திரத்துக்குக் கறுப்பு மட்டும்தான் வரும். சிவப்பெல்லாம் கறுப்பாகக் கிடந்தது.

"பாஷா, இதுல எனக்கு வேண்டியது எது?"

"பேத்திகிட்ட என்ன சொல்ல நினைச்சே?"

"யூ கேன் போர்ட் சயீத்."

நீ போர்ட் சயீத் முடியும். அந்தக் குழந்தை ஓடியதில் தப்பே இல்லை. பாஷா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். போ, பார், குடி, தூங்கு, எழுது, சமை. இருபத்திரண்டு வினைகளையும் பார்த்து முடித்தார். மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார்.

"இதுல இல்லையே, அவதல்லா."

"இல்லையா? அவ்வளவையும் எடுத்தேனே!"

பாஷா சன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சுவரைப் பார்த்தார். சீலையின் அடியில் பச்சையில் எழுதியிருந்த இரண்டில் ஒன்று 'காத்திரு'. மற்றது 'வா'.

உள்ளே போய் அந்தப் பச்சை அட்டையை உருவி எடுத்துவந்து கிழவரின் ஈரக் கையில் வைத்தார். "கம். இதை நடுவுல போடு. யூ கேன் கம்."

"கம்," என்றார் அவதல்லா. "யூ கேன் கம்." இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். "பாஷா, தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காரறீங்களே. உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்?"

பாஷா தன் டீயைப் பார்த்தார். மூன்று கரண்டி விழுந்திருந்தது.

"அதையே ரெண்டு நகல் எடு," என்றார்.