பூட்டிய வகுப்பறையின் கரண்ட்

விடுமுறை விட்டுப் பள்ளி பூட்டிக் கிடந்த வாரத்தில், மாடி வராந்தாவின் கடைசி வகுப்பறை மட்டும் மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மின்விசிறி ஓடும் அளவுக்கு.

வீட்டில் துணி மடித்தபடியே கைபேசியில் அதைப் பார்த்த இயற்பியல் டீச்சருக்கு உடனே காவலாளி மேல்தான் சந்தேகம் போனது. மின் செலவைக் குறைக்கவென்று கைபேசிக்குக் கணக்கு அனுப்பும் மீட்டரை அறைக்கு ஒன்றாக மாட்டவைத்தவள் அவள். கண்காணிக்கும் பொறுப்பும் அவள் தலையில். காவலாளியின் மருமகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அவர்கள் தங்கும் தகரக் கொட்டகையோ அடுப்பாய்க் கொதிக்கும். வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் நேரிலேயே போய் நின்றாள்.

"மேல யாரைப் படுக்க வச்சிருக்கீங்க?"

"யாரையும் இல்லீங்க டீச்சர்."

"அப்ப ஃபேன் தானா சுத்துதா?"

"பேத்திக்கு உடம்பெல்லாம் வேர்க்குருதான். அதுக்காகப் பள்ளிக்கூடத்துல திருடுவேனா?" காவலாளி சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். "நீங்களே பாத்துக்குங்க. நான் மெயினை அணைச்சிடறேன்."

அவர் முகம் பார்த்துப் பேசாதது அவளை உறுத்தியது.

அவள் மாடியேறியபோது மழை மூட்டத்தில் வராந்தா முன்கூட்டியே இருட்டியிருந்தது. சுண்ணக்கட்டித் தூளும் பூட்டிய அறைகளின் புழுக்கமும் கலந்த வாடை மூக்கில் ஏற, எங்கோ தண்ணீர் மோட்டார் முனகிக்கொண்டிருந்த சத்தம், கீழே மெயின் டொக்கென்று விழுந்ததும் சட்டென நின்றது. மீட்டர்களுக்குள் தனி பேட்டரி உண்டு. கைபேசியில் மற்ற அறைகள் எப்போதும்போல் பூஜ்யத்தில் இருந்தன.

கடைசி அறை இறங்கவில்லை.

தெருக் கம்பத்திலிருந்து திருட்டு வயர் இழுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்போது அதுவும் பூஜ்யமானது. காலடி கேட்டு உஷாராகிவிட்டார்கள். வெளியே வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். படிக்கட்டை ஒட்டிய முதல் வகுப்பறையைத் திறந்து உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து வைத்தாள்.

கதவு திறக்கும் சத்தம் எதுவும் வரவில்லை. கைபேசியில் கடைசிக்கு முந்தைய அறை உயிர் பெற்றது.

பிறகு அது அடங்கி, அதற்கு இந்தப் பக்கத்து அறை.

எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன. சாவிகள் அவள் கையில்.

ஜன்னலுக்கு ஓடினாள். கேட்டருகே காவலாளி பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள். மகன். மொத்தக் குடும்பமும் அங்கேதான்.

கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் கைபேசியில் எண்கள் நகர்ந்தன.

அடுத்த அறை. அதற்கும் அடுத்தது. அவள் நின்ற அறையை ஒட்டிய அறை வரை.

அங்கும் அடங்கியது.

கதவு அசையவில்லை. காற்றில்லை. ஆனால் அறை வெதுவெதுப்பானது. கதவோரச் சுவரில் ஒரு சுவிட்ச் அமுங்கியது. டக். விளக்கு எரியவில்லை. அடுத்தது. டக். ஒவ்வொன்றாய், நிதானமாய், விளக்கைத் தேடுவதுபோல.

கடைசி சுவிட்ச் மட்டும் பாதி அமுங்கி அப்படியே நின்றது, விரலை இன்னும் எடுக்காததுபோல.