நாற்பத்தேழாம் எண்ணுக்கு இரண்டு பிள்ளைகள்

பாலிக் புலாவுக்குப் போய் டுரியான் பழம் தின்பதாகத்தான் ஏற்பாடு. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழைக்கு ஒரு குசும்பு உண்டு. யார் வீட்டில் லீவு என்று பார்த்துத்தான் கொட்டும். சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு தயாராக இருந்த ஆறு வயது சுஜீவன், பாயான் பாரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அவன் அம்மா சுதர்ஷினிக்குப் பிள்ளை அழுதால் தாங்காது. யார் பிள்ளை அழுதாலும் தாங்காது. வினையே அங்கேதான் வந்தது.

"மலை ரோட்டுல இந்த மழையில காடி ஓட்ட முடியாது சுதா" என்றான் கணவன் ஹரிசங்கர். வாரம் முழுக்க பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவன். போர்வைக்குள் திரும்பப் போனால் போதும் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் விடவில்லை. கைப்பேசியில் தேடி ஓர் இடம் பிடித்தாள். 'மழையோ வெயிலோ, இங்கே தினமும் கொண்டாட்டம்' என்று விளம்பரம் சொன்னது. ஜார்ஜ்டவுனில், துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றைப் பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றியிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, "நான் மாமாக் கடையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு மணிக்கு வந்துடுங்க" என்று ஹரி தப்பித்துப் போனான்.

உள்ளே பினாங்கே திரண்டிருந்தது. எல்லா வீட்டிலும் அதே மழை, அதே அழுகை. முகப்பில் அதிரா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் ஒருத்தி, வருகிறவர்களின் மணிக்கட்டில் எண் போட்ட காகிதப் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே எண்.

"அக்கா, உங்களுக்கு நாப்பத்தேழு. உங்க நம்பர்ல எத்தனை பிள்ளை உள்ள போகுதோ, அத்தனையும் உங்ககூடத்தான் வெளிய வரணும். இல்லன்னா கேட் தொறக்காது. பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தான்லா."

"நல்லதுதானே" என்று சுதர்ஷினி கையை நீட்டினாள்.

"ரெண்டு பிள்ளையா அக்கா?"

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். சுஜீவனின் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றாள். ஏழு வயது இருக்கலாம். நீளக் கை வைத்த மஞ்சள் கவுன், இரட்டைப் பின்னல், உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்திருந்தாள்.

"யார்கூட வந்தே பாப்பா?"

சிறுமி வாசலுக்கு வெளியே மழையைக் காட்டினாள். அப்பன் காடி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பான் என்று சுதர்ஷினி நினைத்தாள். ஜார்ஜ்டவுனில் சனிக்கிழமை அது அரை மணி நேர வேலை.

"பெரியவங்க இல்லாம உள்ள விட முடியாது, வெளிய நில்லு" என்றாள் அதிரா. சிறுமியின் உதடு கோணியது. சத்தமே வராமல் கண்ணீர் மட்டும் வழிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

ஐயோ பாவம், இந்த மழையில் பச்சைப் பிள்ளையை வெளியே துரத்துவதா? சுதர்ஷினிக்கு மனசு கேட்கவில்லை.

"என் பிள்ளைதான்லா, கட்டுங்க" என்றாள்.

அதிரா சிறுமியின் கையிலும் நாற்பத்தேழைக் கட்டினாள். கட்டிய விரல்களைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "கை என்னக்கா இப்படிச் சில்லுனு இருக்கு?"

உள்ளே போனதும் சுஜீவனைப் பிடிக்க முடியவில்லை. பந்துக் குளத்தில் குதித்தான், சறுக்கு மரத்தில் தலைகீழாக வந்தான். கூரை உயரத்துக்கு வலையும் குழாயும் பின்னிக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதற்குள் தவழ்ந்து போய் வேறெங்கோ தலை நீட்டினார்கள். மஞ்சள் கவுன் அவன் பின்னாலேயே போனது. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒருமுறை அருகில் வந்து, "அம்மா, தண்ணி" என்றாள். அவள்மேல் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. சுதர்ஷினி போத்தலைக் கொடுத்துவிட்டு, இது என்ன, வாய்கூசாமல் அம்மா என்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. சுஜீவனை ஒருவழியாக இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிறுமியைக் காணவில்லை. அப்பன் வந்து கூட்டிப்போயிருப்பான், விட்டது தொல்லை.

பட்டையைக் காட்டியதும் கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு பிள்ளை உள்ள இருக்கு அக்கா" என்றாள் அதிரா.

"அது என் பிள்ளை இல்லம்மா. எனக்கு ஒரே பிள்ளைதான்."

அதிராவின் முகம் மாறியது. "நீங்கதானே உங்க பிள்ளைன்னு சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதர்ஷினிக்கு மானமே போயிற்று. இப்போது எதைச் சொல்லி விளக்குவது? அதிராவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் சுஜீவனை உட்காரவைத்து, "அசையக் கூடாது, அம்மா இப்ப வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பந்துக் குளத்தில் இல்லை. சறுக்கு மரத்தில் இல்லை. கூப்பிடப் பெயரும் தெரியாது. "பாப்பா! பாப்பா!" என்று கூப்பிட, ஊரான் பிள்ளைகள் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மேலே, குழாய் ஒன்றின் வாயில் மஞ்சள் துணி தெரிந்து மறைந்தது.

வலையைப் பிடித்து ஏறி, முழங்காலில் தவழ்ந்து உள்ளே நுழைந்தாள். கீழிருந்து பார்த்தபோது பத்தடிக் குழாய். தவழ்ந்தாள். திரும்பியது. இன்னும் தவழ்ந்தாள். மறுபடி திரும்பியது. பிள்ளைகளின் கூச்சல் மெல்லத் தேய்ந்து, தகரக் கூரையில் விழும் மழை மட்டும் கேட்டது. குழாயின் நிறம் மங்கிக்கொண்டே வந்தது. ஈரச் சாக்கும் அழுகிய கொப்பரையும் கலந்த நாற்றம் தொண்டையை அடைத்தது.

தோள் இரண்டு பக்கமும் உரசியது.

பின்னால் போகக் காலை நீட்டினாள். கால் எதன்மீதோ இடித்தது. வந்த வழியில் இப்போது சுவர் இருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். குரல் அவளைத் தாண்டிப் போகவே இல்லை. பயம் என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முருகா முருகா என்று முனகியபடி முன்னால் ஊர்ந்தாள். வேறு போக்கிடம் இல்லை.

குழாய் ஒரு சின்ன வலைக் கூண்டில் முடிந்தது. சிறுமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்து ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

சுஜீவன்.

பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்த பிள்ளை!

"என் பிள்ளையைக் குடு" என்றாள் சுதர்ஷினி.

"நானும் உங்க பிள்ளைதான். நீங்கதான் சொன்னீங்க."

"பாவம்னு சொன்னேன் பாப்பா..."

"எல்லா அம்மாவும் வரும்போது சொல்வாங்க. போகும்போது இல்லன்னுடுவாங்க."

சிறுமி கவுனின் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை காகிதப் பட்டைகள். நூற்று மூன்று. பன்னிரண்டு. அறுபது. பழசானவை நிறம் வெளுத்துத் தோலோடு ஒட்டிக் கிடந்தன. அந்த எண்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

சுஜீவனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"சரி" என்றாள். "நீயும் என் பிள்ளைதான். வா, போவோம்."

"எங்க போனாலும் ரெண்டுன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"ஒன்னுன்னு சொன்னா ஒன்னுதான் இருக்கும்."

"சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. இரண்டு கையிலும் இரண்டு கைகள். ஒன்று சூடு, ஒன்று சில்லிப்பு. கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது. "கிடைச்சிட்டாளா? நல்லவேளை" என்று அதிரா சிரித்தாள். வாசற்படி தாண்டி மழைக்குள் கால் வைத்ததும் சில்லென்ற கை விலகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை.

ஹரியிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். அதைவிட, அத்தனை பேர் முன்னால் ஒரு பிள்ளையை என் பிள்ளை இல்லை என்று சொன்ன வெட்கம் அவள் வாயைக் கட்டியிருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் டிக்கெட் வாங்குவது அவள்தான். மீன் காட்சியகத்தில் இரண்டு பிள்ளை. படகில் இரண்டு பிள்ளை. சாப்பாட்டுக் கடையில் யாராவது கேட்டால் இரண்டு பிள்ளை. மிச்ச டிக்கெட்டைக் கைப்பையின் அடியில் செருகிவிடுவாள். காடியின் பின் இருக்கையில் ஒரு பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது. ஹரி அதற்குக் கதவு ரப்பரை மாற்றினான். சுஜீவன் பிஸ்கட்டை உடைத்துப் பாதியைப் பக்கத்தில் வைப்பான். கொஞ்ச நேரத்தில் அது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அவளுக்குப் பயம். வீட்டிலேயே இருப்போம் என்றால் பிள்ளை அழுதான்.

பள்ளி விடுமுறையில் நல்ல வெயில் நாள் ஒன்று. பேரங்காடி ஒன்றின் மேல்மாடியில் செயற்கைப் பனி விளையாட்டு வந்திருந்தது. பெண்கள் கழிவறையில் நீண்ட வரிசை.

"நான் வர்ற வரைக்கும் டிக்கெட் வாங்காதீங்க" என்றாள்.

"சரிலா, போயிட்டு வா."

"என்னங்க, நிஜமாவே வாங்காதீங்க."

"ஏன் இப்படிப் பதறுறே? நாங்க இங்கேயேதான் நிப்போம்" என்று ஹரி சிரித்தான். சுஜீவன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கையசைத்தான்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கைகூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

ஹரி நுழைவாசலில் நின்றுகொண்டு டிக்கெட்டை ஆட்டிக் காட்டினான். "கவுன்டர் காலியாச்சு சுதா, வாங்கிட்டேன். நமக்கு ரெண்டு, பிள்ளைக்கு ஒன்னு."

அவன் விரலைப் பிடித்திருந்த கையில் வளையல் இருந்தது.

"சுஜீவன் எங்க?" என்றாள்.

ஹரி புரியாமல் பார்த்தான். "யாரு சுதா?"

அவள் கவுன்டருக்கு ஓடினாள். "ரெண்டு! ரெண்டு பிள்ளை! எங்களுக்கு ரெண்டு பிள்ளை!" என்று கண்ணாடியில் அடித்துக் கத்தினாள். உள்ளே இருந்த பெண் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கூட்டம் விலகி நின்றது. சுஜீவா, சுஜீவா என்று அவள் அலறியதற்கு ஒரு பிள்ளையும் திரும்பவில்லை.

சில்லென்ற விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் நுழைந்தன.

"வாங்கம்மா, போலாம்" என்றாள் மஞ்சள் கவுன். முதன்முறையாக அவள் சிரித்தாள். "ஒரு பிள்ளைதான்னு அப்பாவே சொல்லிட்டார்."