வாத்துக்குப் பின்னால்

வாத்து இன்னும் நீந்திக்கொண்டுதான் இருந்தது.

கணினியைப் போட்டதும் திரையில் வரும் மஞ்சள் வாத்து அது. வழக்கமாக ஒரு சுற்று நீந்திவிட்டுக் காணாமல் போய்விடும். இன்று மத்தியானம் மின்சாரம் பட்டென்று போய் வந்ததிலிருந்து, கிளம்புகிற வழியையே காணோம்.

"இது சரிப்பட்டு வராது" என்று அப்பா பொத்தானை அழுத்தி அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே வாத்து.

அப்பா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவர். இரண்டு மாதமாக முதுகொடிய அமைத்த ஒரு பெரிய அகராதி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பள்ளிப்பையைக் கழற்றியபடி சுண்டெலி உள்ளே வந்தாள். எந்நேரமும் எதையாவது கொறிப்பதால், பத்து வயது மகளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் அது.

"என்னப்பா ஆச்சு?"

"எல்லாம் போச்சுன்னுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்க்கிறேன், அசையமாட்டேங்குது. அணைச்சுட்டு மறுபடி போடுறேன். மத்தியானத்துலேர்ந்து இதே பொழப்பு."

அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவர் கை மறுபடி பொத்தானுக்குப் போனது.

"இருங்கப்பா. எங்க கம்ப்யூட்டர் சார் முதல்ல மேல இருக்கிற படத்தை விலக்கிட்டுத்தான் பார்ப்பாரு."

"படத்தை எப்படிம்மா விலக்குறது?"

"கீபோர்டுல இந்த மூலையில எஸ்கேப் இருக்குல்ல, இதை அழுத்தணும். உள்ள நடக்கிறதை எழுத்துல காட்டும்."

அழுத்தினாள். வாத்து மறைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடி, ஓரிடத்தில் நின்றன. கடைசி ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஹார்டு டிஸ்க்கைச் சோதிச்சுச் சரிபண்ணுதாம்ப்பா. பதினொரு சதவீதம் முடிஞ்சிருக்கு. அணைக்காதீங்கன்னும் போட்டிருக்கு."

அப்பா திரையையே பார்த்தார். "அப்போ நான் அணைக்க அணைக்க..."

"பாவம், அது முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கு."

"அடக் கஷ்டமே. ஒழுங்கா வேலை பார்த்ததை நானேதான் கெடுத்தேனா?"

எண் ஆமை வேகத்தில் ஏறியது. பாதியில் அப்பாவின் கை பொத்தானை நோக்கி மெல்ல ஊர்ந்தது. சுண்டெலி நாற்காலியை இழுத்துப் பொத்தானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார் அப்பா.

"தெரியும், தெரியும்."

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நூறு வந்தது. அகராதி ஒரு பக்கம் குறையாமல் திறந்தது. அப்பா அதை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அப்படியே சாய்ந்தார்.

"ரொம்பக் களைப்பாப்பா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சிரித்தார்.

சுண்டெலி அவர் மூக்கை ஒரு விரலால் அழுத்தினாள். "படம் வேணாம். எழுத்துல சொல்லுங்க."

அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"முதுகு வலிக்குது. கண்ணு எரியுது. ராத்திரி சரியாத் தூங்கல. இன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன்."

சுண்டெலி தலையணையை எடுத்து வந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

வேலை முடிந்து வந்த அம்மா, "அப்பா எங்கடி?" என்றாள்.

"உள்ள சரியாகிக்கிட்டிருக்காரும்மா" என்றாள் சுண்டெலி. "முடியறவரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது."