பாலன் வைக்காத குடில்

மார்ச் பிறந்து இரண்டு கிழமையாகியும் மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டில் மட்டும் நத்தார்ப் பண்டிகை முடியவில்லை. முன் வளவில் ஆளுயரக் குடில். மாதா, சூசையப்பர், மாடு, ஆடு எல்லாம் அழுக்குப் பனிக்குள் கணுக்கால் புதைய நின்றன. விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் மூன்றாவது முறைப்பாட்டோடு லக்சிகா அங்கே வந்து இறங்கியபோது பின்னேரம் நாலு மணி.

லக்சிகா நகரசபையின் விதிமுறை அதிகாரி. வீட்டு வளவில் எந்தப் பலகை எவ்வளவு உயரம் நிற்கலாம், பண்டிகை அலங்காரம் நடைபாதைக்கு எவ்வளவு கிட்ட வரலாம் என்று பார்ப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள், அயலட்டைச் சண்டையில் பாதி இதில்தான் தொடங்குகிறது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவாவது முழுசாகக் கைக்கு வரவேண்டுமே என்று அசைவுக்கு அசைவு எண்ணிக்கொண்டு திரிந்தாள்.

கதவைத் திறந்த மரியோவுக்கு நாற்பது வயதிருக்கும். சவரம் செய்து பலநாள் ஆன முகம்.

“அண்ணை, பாஸ்காத் திருநாளே வரப்போகுது. உந்தக் குடிலை இன்னும் கழட்டேல்லையோ?”

“பாலன் வைக்காமல் குடிலைக் கழட்டலாமோ தங்கச்சி?”

அப்போதுதான் அவள் கவனித்தாள். மாதாவின் காலடியில் வைக்கோல் பரப்பிய தொட்டி வெறுமையாகக் கிடந்தது. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அது நத்தார் இரவு குழந்தைச் சொரூபத்தால் நிரம்பவேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்ப வையுங்கோவன்.”

“எங்கட வீட்டில தாய்தான் வைக்கிறது. என்ர மனுசி ஜோசப்பின் வந்து வைப்பா.”

“அக்கா எங்க போயிட்டா?”

மரியோ குரலைத் தாழ்த்தினான். “நத்தாருக்கு முதல்நாள் வயித்துக்குத்தெண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனனான். அவவையும் பிள்ளையையும் பெட்டியிலதான் தந்தவை. ஆனா பின்னேரங்களில வாறவ. வந்து வைக்கோலைத் தட்டிப் பாக்கிறவ.”

அறிவித்தலை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் போயிருக்கவேண்டும். பாவம் மனுசன் என்று மனம் இளகிவிட்டது. வாசற்படியில் பழைய பத்திரிகையில் சுற்றியபடி பாலன் சொரூபம் கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தாள்.

“நானும் ஒரு தாய்தானே அண்ணை. நானே வைச்சுவிடுறன். ஒரு செபத்தைச் சொல்லிப்போட்டு நாளைக்குக் கழட்டுங்கோ.”

“ஐயோ, வேண்டாம் தங்கச்சி! வயித்துப்பிள்ளையோட உங்கட கையால குடுக்காதேங்கோ!”

அதற்குள் அவள் குடிலுக்குள் குனிந்துவிட்டாள்.

வெளியே பனிக்காற்று வீசியது. உள்ளே ஆசுபத்திரி டெற்றோல் மணந்தது.

வைக்கோல் சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல.

சொரூபத்தைக் கிடத்தினாள்.

வைக்கோலுக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து அதை வாங்கிக்கொண்டன.

குளிர்ந்த கைகள். ஒரு மணிக்கட்டில் ஆசுபத்திரிப் பட்டி.

லக்சிகா கையை வெடுக்கென்று இழுத்தாள். வயிற்றில் பிள்ளை கல்லாகக் கிடந்தது. கடவுளே, கடவுளே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் ஒரு பெண் குரல், களைத்துப்போன குரல், மெல்லச் சொன்னது.

“இனி நான் பாத்துக்கொள்ளுறன்.”

அந்தக் குரலுக்குப் பிள்ளை துள்ளியது.

மறுநாள் மரியோ குடிலைக் கழற்றினான். வைக்கோலை முழுதாக உதறியும் சொரூபம் அகப்படவில்லை. முறைப்பாடு தீர்ந்தது என்று பதிந்துவிட்டு லக்சிகா அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்தாள்.

மே மாதம் பெண்பிள்ளை பிறந்தது. குறை ஒன்றும் இல்லை. கணவன் சுலக்சன் சிரித்தபடியே அழுதான். அவளும் அழுதாள், இவ்வளவு சந்தோசம் தாங்குமா என்று அழுதாள். ஆனால் பிள்ளை அவளிடம் பால் குடிக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தால் முகத்தைத் திருப்பியது. போத்தலையும் தள்ளியது. பால் கட்டி மார்பு கல்லாய் வலிக்க, நாலாம் நாள் பதறிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள்.

தாதி பாலேஸ்வரி பிள்ளையின் உடுப்பைக் கழற்றித் தராசில் கிடத்தினாள். இலக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“நாலாம் நாள் பிள்ளையள் மெலிஞ்சுதான் வாறது. உங்கடது முந்நூறு கிராம் ஏறியிருக்கு. நல்லாப் பால் குடுக்கிறீங்கள் பிள்ளை.”

“மிஸ், இது என்னட்டக் குடிக்கிறதே இல்லை,” என்றாள் லக்சிகா.

பாலேஸ்வரி தராசையே பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. லக்சிகா திரும்பிப் பார்த்தாள்.

தராசில் தனியாகக் கிடந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் குழியக் குழிய, மடக்கு மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது.