முப்பத்தைந்து டெசிபல் வார்டு

காலை ஏழு மணிக்கு வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சுக் காலுறை மாட்டிக்கொள்வோம். வளையல், கொலுசு, சாவிக்கொத்து எல்லாம் அங்கேயே ஒரு டப்பாவுக்குள் போய்விடும். இருமல் வந்தால் வெளியே ஓட வேண்டும். மருந்துப் பட்டியல், டியூட்டி மாற்றம், மேலதிகாரிகளின் திட்டு என்று சகலமும் மணிக்கட்டுப் பட்டையில் எழுத்தாக வந்து சேரும். நர்ஸ் வேலைக்கு வாயே தேவையில்லை என்று ஆகி ஆறு வருடமாகிறது.

தலைக்கு மேல் கூரை முழுக்க ஒலிவிழுங்கி. முப்பத்தைந்து டெசிபலைத் தாண்டி எந்தச் சத்தம் கிளம்பினாலும் அதே நொடியில் எதிரலை அனுப்பி அதைத் தீர்த்துக்கட்டிவிடும். கிசுகிசுத்தால் கேட்கும், கத்தினால் கேட்காது. கண்டுபிடித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் பயிற்சிக்கு வந்த காலத்தில் ஆஸ்பத்திரி மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. மானிட்டர்கள் ஓயாமல் கூவும், எது நிஜமாகக் கூவுகிறது என்று தெரியாமல் நாங்கள் எதையும் கவனிக்க மாட்டோம், நோயாளிகளுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. அமைதி வேண்டியதுதான். ஆனால் நல்லது ஒன்று கையில் கிடைத்தால் அதை வைத்துக் கூத்தடிக்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

எங்கள் கண்காணிப்பாளர் டாக்டர் திருஞானம் அதில் கெட்டிக்காரர். மூன்று வருடமாக அமைதித் தரச்சான்றில் நாங்கள்தான் முதலிடம். அந்தக் கேடயத்தைச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்துதான் மதியம் தயிர்சாதம் சாப்பிடுவார். நோயாளி பிழைத்தானா என்று கேட்க மாட்டார், சத்தமில்லாமல் பிழைத்தானா என்று பட்டையில் கேட்பார். மகா மனிதர்.

போன வாரம் நான்காம் கட்டிலுக்குப் பொங்கியண்ணன் வந்தார். பள்ளிபாளையத்தில் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர், நெஞ்செல்லாம் பஞ்சுத் தூசி. கூட வந்த மனைவி பாவாத்தாளும் தறி ஓட்டியவள்தான். தறிச் சத்தம் அவள் காதைத் தின்றுவிட்டது. பட்டறைக்குள் சண்டையோ கொஞ்சலோ, தொண்டை கிழியத்தான் நடக்கும். அவர் கத்தினால் அவளுக்குக் கேட்கும், ஆனால் இங்கே கத்தினால் கூரை விழுங்கிவிடும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள், அந்த உதட்டை ஆக்ஸிஜன் முகமூடி மூடியிருந்தது, ஒரு நிமிடம்கூட அதைக் கழற்ற முடியாது. அவளுடைய காதுக்கருவி கூரையின் அலையைக் குழப்புகிறதாம், வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டார்கள். எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்து தெரியாது.

புதன்கிழமை பத்து மணிக்கு அவர் தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுப்பதாக ஏற்பாடு. இறக்கினால் பேச்சு போய்விடும், திரும்ப எடுப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. செவ்வாய் காலை அவர் என்னைக் குனியச் சொல்லிக் காதில் கிசுகிசுத்தார். குழாய்க்கு முன்னால் பாவாத்தாளிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். என்னவென்று கேட்டேன், நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார். புருஷன் கேட்க வேண்டியதை நர்ஸ் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்றார்.

நான்காம் கட்டிலுக்கு மேல் பத்து நிமிடம் ஒலிவிழுங்கியை நிறுத்தித் தரும்படி கண்காணிப்பாளருக்கு எழுதினேன். அமைதித் தரச்சான்றுக்கு மார்க் போடத் தணிக்கைக் குழு வந்திருக்கிறது, வியாழன்வரை நடக்காது என்று பதில் வந்தது. கூடவே பெரிய மனதோடு ஒரு பட அட்டைக் கட்டும் வந்தது. தண்ணீர், வலி, கழிப்பறை, பசி, சாமி என்று நாற்பது படம். பொங்கியண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டை என்னிடமே நீட்டினார். "நான் கேக்கோணும்னு இருக்கறது இதுல இல்லீங்" என்று கிசுகிசுத்தார்.

புதன்கிழமை பத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே குழாய்க்காரர்கள் ரப்பர் சக்கர வண்டியோடு வந்துவிட்டார்கள். பொங்கியண்ணன் எழுந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைக்கிறது, முகமூடிக்குள் ஆவி படர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. பாவாத்தாள் அந்த முகமூடியையே பார்த்தபடி என்ன என்ன என்று கையை விரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடைபாதைக் கோடியில் இருந்த பெட்டியைத் திறந்து, வார்டின் ஒலிவிழுங்கி மொத்தத்துக்குமான லீவரைக் கீழே இழுத்தேன்.

ஆறு வருடத்துச் சத்தம் ஒரே அடியாக வந்து விழுந்தது. மின்விசிறி, இருமல், எங்கோ ஒரு கிண்ணம். அதற்கெல்லாம் மேலே அவர் குரல்.

"பாவாத்தா, குழா போட்டா அப்பறம் பேச்சு வராதாம். இப்பிடியே கெடக்கோணும். போட்டுக்கட்டுமா, ஊட்டுக்குப் போயர்லாமா? நீ சொல்லு."

"என்ன குழாங்? எனக்கு ஆருமே சொல்லுலியே." அவளும் பட்டறைக் குரலில்தான் பேசினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து என்ற கட்டவெரலப் புடிச்சு வெச்சீங்களே, அதுக்கா?"

அதற்குத்தான். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கியது நான்தான். வார்டு வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் நாலு வார்த்தை கத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் ஆகும், விரலைப் பிடித்து வைக்கப் பத்து நொடி போதும். திருஞானத்தைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"வாங்க, ஊட்டுக்கே போலாம்" என்று பாவாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் படுக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். குழாய்க்காரர்கள் வண்டியை ஓரமாக நகர்த்தினார்கள்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். ஆறு வருடத்தில் அவர் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். "மார்க் போச்சே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஆறாம் கட்டில் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். தங்கையை அங்கே சேர்த்து ஒன்பது நாளாகிறது. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஆனால் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சிஸ்டர், திங்கக்கெழம நான் எதுக்குங்க கைநாட்டு வச்சேன்?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்தப் படிவத்தை நானும் படித்துப் பார்க்கவில்லை.